அமரோனே, ரிபாஸ்ஸோ, போல்கெரி, சாலிசே சலென்டினோ: ஒரே ஒரு பாட்டில் வாங்கணும்னா எது?

கனமான இத்தாலி ரெட் ஒயின் ஒண்ணு வாங்கலாம்னு கடைக்குள்ள போனீங்கன்னா ஷெல்ஃப்ல நிக்கிறதுல பாதிக்கு மேல ஃபுல் பாடின்னு தான் சொல்லும், லேபிள்ல 14 சதவீதம், 15 சதவீதம்னு ஆல்கஹால் போட்டிருக்கும், விலை மட்டும் 10 யூரோலேருந்து 300 யூரோ வரைக்கும் ஓடும். எல்லாமே கனம்னா எதை எடுக்கிறதுன்னு கேக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஒண்ணு தான், அந்த கனம் எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல பாருங்க. காய வெச்ச திராட்சைலேருந்து வர்ற கனம் ஒண்ணு, திராட்சை ரகமும் ஓக் பாரலும் சேர்ந்து குடுக்கிற கனம் இன்னொண்ணு, தெக்குப் பக்கத்து வெயில் குடுக்கிற கனம் மூணாவது. நாக்குல மூணும் வேற வேற, சாப்பாட்டோட சேர்றதும் வேற வேற. இது புரிஞ்சிருச்சுன்னா விலையை பாத்து குழம்ப வேண்டியதில்ல.

பல திராட்சை ரகம் கலந்த பிளெண்ட் மட்டும் தான் இங்க எடுத்துக்கிறேன், தலைப்புல இருக்கிற நாலும் அந்த மாதிரி ஒயின் தான். பரோலோ முழுக்க நெபியோலோ, புருனெல்லோ முழுக்க சான்ஜொவேசே, ரெண்டும் ஒரே ரகத்துல பண்றது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

அமரோனேலேருந்து ஆரம்பிக்கிறேன், இத்தாலில கனம்னா முதல்ல எல்லாரும் சொல்ற பேரு அது தான். வெரோனாவுக்கு வடக்க, லெஸ்ஸினி மலை அடிவாரத்துல இருக்கிற வால்பொலிசெல்லா தான் இதோட ஊரு, மேற்கால கார்டா ஏரி. பழைய பகுதியை கிளாஸ்ஸிகோன்னு சொல்வாங்க, நெக்ரார், மரானோ, ஃபுமானே, சான்ட் அம்புரோஜோ, சான் பியெத்ரோ இன் கரியானோன்னு அஞ்சு ஊரு அதுல வரும். திராட்சைல கொர்வினா தான் பிரதானம், கூட கொர்வினோனே, ரொண்டினெல்லா, சில பேரு மொலினாராவும் கொஞ்சம் சேர்ப்பாங்க. கொர்வினா செர்ரி வாசமும் நல்ல புளிப்பும் குடுக்கும், கொர்வினோனே பழம் கொஞ்சம் பெருசு, அது துவர்ப்பை கூட்டும், ரொண்டினெல்லா நோய் தாங்கும், காய வெச்சாலும் கெடாம நிக்கும்.

இந்த ஒயினோட முழு விஷயமும் அந்த காய வெக்கிறதுல தான் இருக்கு. செப்டம்பர்ல அறுவடை, கையால தான் பறிப்பாங்க, அதுலயும் பழத்துக்கு பழம் நடுவுல காத்து போற மாதிரி லூசா இருக்கிற கொத்தா பாத்து எடுப்பாங்க, நெருக்கமான கொத்துன்னா நடுவுல பூஞ்சை பிடிச்சிரும். அப்புறம் ஃப்ருத்தாயோன்னு ஒரு மாடி கொட்டகை, ஜன்னல் எல்லாம் திறந்து காத்து ஓடிட்டே இருக்கும், அங்க ஒத்தை அடுக்கா பரப்பி விடுவாங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. முன்னாடி நாணல் தட்டில தான் பரப்புவாங்க, பட்டுப்புழு வளர்க்கவும் அந்தப் பக்கம் அதே தட்டி தான். இப்போ பெரும்பாலும் பிளாஸ்டிக் கிரேட்டும் பெரிய ஃபேனும் வந்திருச்சு, ஈரப்பதத்தை பாத்து ஃபேனை ஓட விடுறாங்க, மழைக்காலம் மோசமா இருந்தாலும் மொத்தமா அழுகிப் போறது இதனால குறைஞ்சிருக்கு. மூணு மாசம், சில இடத்துல நாலு மாசம் அப்படியே கிடக்கும், எடைல 30லேருந்து 40 சதவீதம் தண்ணியா போயிரும், மிச்சம் இருக்கிறது சுருங்கி, சர்க்கரை ஏறி, தோல் வாசம் எல்லாம் உள்ள இறங்கின பழம். வெறும் தண்ணி வத்தினது மட்டும் இல்ல, அந்த மாசக்கணக்குல பழத்துக்குள்ளயே வேதி மாற்றம் நடக்குது, அதனால தான் காய வெக்காத திராட்சைல பண்ற சாதா வால்பொலிசெல்லா ஒயினை சுண்ட வெச்சா அமரோனே வந்துராது.

பிழியறது சாதாரணமா டிசம்பர் 1க்கு முன்னாடி கூடாதுன்னு விதி. குளிர்காலத்துல பிழியறதால நொதிக்கிறது ரொம்ப மெதுவா நடக்கும், ஒரு மாசத்துக்கு மேலயும் இழுக்கும். சர்க்கரை பாதில நின்னுட்டா அது ரெசியோத்தோ, இனிப்பு ஒயின், அது தான் இந்தப் பகுதியோட பழைய பெருமை. சர்க்கரை கிட்டத்தட்ட முழுசா ஆல்கஹாலா மாறிட்டா அமரோனே. சட்டப்படி குறைஞ்சது 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கணும், நிஜத்துல 15, 16னு தான் இருக்கும். அறுவடைக்கு அடுத்த ஜனவரிலேருந்து குறைஞ்சது ரெண்டு வருஷம் பழக விடணும், ரிசர்வான்னா நாலு வருஷம். 2010ல தான் இத்தாலி ஒயின் சட்டத்துல டிஓசிஜிங்கிற மேல் அந்தஸ்து இதுக்கு கிடைச்சுது. இவ்ளோ பழம், இவ்ளோ இடம், இவ்ளோ வருஷம் போட்டு பண்றதால 30 யூரோவுக்கு கீழ ஒரு அமரோனே கிடைச்சா நான் கொஞ்சம் யோசிச்சு தான் எடுப்பேன், சுமாரா 40லேருந்து 60க்குள்ள இருக்கிறது தான் நம்பி வாங்கலாம்.

குடிக்கும்போது என்ன கவனிக்கணும்னா, ஊத்தின உடனே மூக்குல ஏறுறது ஆல்கஹாலும் காஞ்ச பழ வாசமும் தான், உலர் திராட்சை, பேரீச்சை, செர்ரியை சாராயத்துல ஊற வெச்ச வாசம். அதை வெச்சு முடிவு பண்ணிராதீங்க. ஒரு இருபது நிமிஷம் விட்டா பட்டை, கிராம்பு, கோகோ, கொஞ்சம் புகையிலை எல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வரும், ஒரு மணி நேரம் கழிச்சு தான் அந்த கொர்வினாவோட செர்ரியும் புளிப்பும் அடியில இருந்து எழும்பும், நல்ல அமரோனேவா இல்லையான்னு அங்க தான் தெரியும். புளிப்பு எழும்பலைன்னா அது வெறும் ஜாம். வாயில வெச்சா முதல்ல இனிக்கிற உணர்வு வரும், ஆனா அது பெரும்பாலும் பழமும் ஆல்கஹாலும் கிளிசரினும் சேர்ந்து பண்றது, முழுங்கின அப்புறம் கடைசில ஒரு கசப்பு நிக்கும், பாதாம் தோல் கசப்பு. இனிப்புல ஆரம்பிச்சு கசப்புல முடியற அந்த பயணம் தான் எனக்கு இந்த ஒயின் மேல உயிரு.

அமரோனேக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்கு. பெர்த்தானி, குயின்தரெல்லி மாதிரி ஒயின் பண்ற வீடுங்க பெரிய பழைய மரப்பீப்பாயில வருஷக்கணக்கா விட்டு எடுப்பாங்க, ஓக் வாசம் தெரியாது, உலர்ந்த பூ, லெதர், மூலிகைன்னு அமைதியா இருக்கும். தல் ஃபோர்னோ ரொமானோ புது சின்ன பாரல்ல வெச்சு எடுக்கிற வகை, கறுப்பா, கெட்டியா, சாக்லேட்டும் காபியுமா வரும். அல்லெக்ரினி, மாஸி, ஸ்பேரி, தெதெஸ்கி, தொம்மாஸி இவங்க எல்லாம் நடுவுல எங்கயாவது நிப்பாங்க. குயின்தரெல்லி, தல் ஃபோர்னோ விலையெல்லாம் சாதாரண ஆளுக்கு எட்டாது, ஆனா பெர்த்தானியும் ஸ்பேரியும் ஒரு விசேஷத்துக்கு துணிஞ்சு வாங்கலாம். எனக்கு பெரிய பீப்பாய் கட்சி தான் பிடிக்கும், மூணு மாசம் காஞ்ச திராட்சைக்கு மேல வெனிலா வாசம் எதுக்கு.

ஒரு கணக்கு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. 125 மில்லி கிளாஸ்ல 12.5 சதவீத ஒயின் குடிச்சா உள்ள போற சுத்த ஆல்கஹால் 15.6 மில்லி, அதே கிளாஸ் 16 சதவீத அமரோனேன்னா 20 மில்லி, அதாவது கால் பங்குக்கு மேல அதிகம். அதனால அமரோனேவை சின்னதா ஊத்தி மெதுவா குடிக்கணும், நாலஞ்சு பேரு இருந்தா தான் ஒரு பாட்டிலை திறக்கணும். ரெண்டு பேரு உக்காந்து சாப்பாட்டோட ஒரு பாட்டிலை முடிக்கலாம்னு நினைச்சா இது அதுக்கான ஒயின் இல்ல. வெரோனாவுல இதை பஸ்திஸ்ஸாதா மாதிரி பல மணி நேரம் வெந்த கறியோட குடிப்பாங்க, இதையே ஊத்தி ரிசோட்டோங்கிற அரிசி சாப்பாடு பண்ணுவாங்க, இல்லைன்னா சாப்பாடு முடிஞ்சு நல்லா பழுத்த பார்மிஜானோ சீஸை கட்டி கட்டியா உடைச்சு வெச்சுக்கிட்டு குடிப்பாங்க, அந்த கடைசி வழி தான் என்னைக் கேட்டா உத்தமம்.

அடுத்து ரிபாஸ்ஸோ. அமரோனேவை பிழிஞ்சு எடுத்த அப்புறம் மிச்சம் நிக்கிற தோல் சக்கைல இன்னும் சர்க்கரையும் ஈஸ்டும் இருக்கும், அது மேல சாதா வால்பொலிசெல்லா ஒயினை ஊத்தி கொஞ்ச நாள் விடுவாங்க, திரும்ப ஒரு தடவை நொதிச்சு நிறமும் துவர்ப்பும் ஆல்கஹாலும் கொஞ்சம் ஏறும், 13.5, 14னு வரும். மாஸி வீட்டோட கம்போஃபியோரின் ஒயினோட 1964 விண்டேஜ்லேருந்து, அதாவது அந்த வருஷ அறுவடைலேருந்து தான் இந்த முறை வெளி உலகத்துக்கு பிரபலமாச்சு. விலை சுமாரா 12லேருந்து 25 யூரோ. கடைக்காரங்க இதை குட்டி அமரோனேன்னு சொல்லி விப்பாங்க, அந்த பேச்சை கேட்டு வாங்கினா ஏமாற்றம் தான் வரும், ஏன்னா இதுல அந்த காஞ்ச பழத்தோட ஆழம் இருக்காது, நிழல் தான் இருக்கும். ஆனா வால்பொலிசெல்லாவா நினைச்சு வாங்குங்க, அப்போ அருமையா இருக்கும், செர்ரி, கொஞ்சம் மசாலா, புளிப்பு தெளிவா தெரியும், சாப்பாட்டோட சேரும், ஒரு கிளாஸுக்கு மேலயும் குடிக்கலாம். காளான் போட்ட ரிசோட்டோ, ராகுங்கிற கறி சாஸ் போட்ட பாஸ்தா, வறுத்த கோழின்னு எதோட வேணா வைக்கலாம். வாரக்கடைசி சாப்பாட்டுக்கு அமரோனேவை விட ரிபாஸ்ஸோ தான் சரின்னு நான் தைரியமா சொல்வேன்.

இங்க ஒரு எச்சரிக்கை. இப்போ அப்பஸ்ஸிமெந்தோன்னு, அதாவது திராட்சையை காய வெச்சதுன்னு, லேபிள்ல பெருசா போட்டு 8 யூரோ, 10 யூரோவுக்கு நிறைய பாட்டில் வருது, வால்பொலிசெல்லா இருக்கிற வெனெத்தோ மாநிலத்துலேருந்தும் வரும், தெக்க புல்யாலேருந்தும் வரும். காய வெச்ச திராட்சை கொஞ்சமோ நிறையவோ சேர்த்திருப்பாங்க, பொய் இல்ல, ஆனா பல பாட்டில்ல சர்க்கரையையும் மிச்சம் விட்டு வைப்பாங்க, முதல் வாய் நல்லா இருக்கும், ரெண்டாவது கிளாஸ் திகட்டிரும். கனமும் இனிப்பும் ஒண்ணுன்னு நாக்கை பழக்கி விடுறது தான் இதுல இருக்கிற கெடுதல், புதுசா ருசி பாக்க ஆரம்பிக்கிறவங்க இதை முதல் பாட்டிலா எடுக்காதீங்க.

இப்போ நடு இத்தாலில டஸ்கனி மாநிலத்து கடற்கரை, போல்கெரி. இதோட கனம் காய வெக்கிறதுல வர்றதில்ல, காபர்னே சோவின்யோன், காபர்னே ஃபிராங்க், மெர்லோன்னு பிரான்ஸ் போர்தோ பக்கத்து ரகங்களும் சின்ன ஓக் பாரலும் சேர்ந்து கட்டுற கனம். கதை 1940கள்ல ஆரம்பிக்குது, மாரியோ இன்சிஸா தெல்லா ரொக்கெத்தாங்கிற பிரபு, போர்தோ ஒயின் மேல பைத்தியமா இருந்தவரு, 1944ல தன்னோட தெனுத்தா சான் குய்தோ நிலத்துல கல்லு நிறைஞ்ச ஒரு மேட்டுல காபர்னே நட்டாரு. அந்தக் காலத்துல அந்தக் கடற்கரைல நல்ல ரெட் வரும்னு யாரும் நம்பல. அதுலேருந்து வந்த சாஸிகாயாங்கிற ஒயினை இருபது வருஷத்துக்கு மேல வீட்டுக்குள்ளயே தான் குடிச்சாங்க, 1968 விண்டேஜ் தான் வெளிய வித்த முதல் சாஸிகாயா. 1978ல டிகாண்டர்ங்கிற ஒயின் பத்திரிகை லண்டன்ல நடத்தின ருசி போட்டில 1972 சாஸிகாயா போர்தோ ஒயின்களையும் தாண்டி முதல்ல வந்துச்சு. இவ்ளோ பேரு வாங்கின ஒயினுக்கு அப்போ சட்டத்துல இருந்த அந்தஸ்து சாதாரண மேசை ஒயின், அவ்ளோ தான், ஏன்னா அந்த ஊர்ல அந்த திராட்சைக்கு விதியே எழுதல. எந்த ஊர்ல எந்த திராட்சைல ஒயின் பண்ணணும்னு விதி போடுற அந்தஸ்து டிஓசி, டிஓசிஜிக்கு ஒரு படி கீழ; போல்கெரி டிஓசில சிவப்பு ஒயினை சேர்த்து விதியை மாத்தினது 1994ல தான், 2013ல சாஸிகாயாவுக்கு மட்டும் தனி டிஓசியே குடுத்தாங்க, ஒரே வீட்டுக்கு ஒரு டிஓசி.

இதே சமயத்துல கடற்கரையை விட்டு உள்ள தள்ளி, கியாண்டிங்கிற டஸ்கனியோட பழைய ஒயின் பகுதில இன்னொரு சண்டை. 1967ல போட்ட கியாண்டி விதிப்படி சிவப்பு ஒயினுக்குள்ள வெள்ளை திராட்சை, திரெப்பியானோவும் மால்வாசியாவும், கட்டாயம் சேர்க்கணும். நல்ல சான்ஜொவேசேவை எடுத்து தண்ணி ஊத்தற வேலை அது. இன்சிஸாவோட உறவுக்காரரான பியெரோ அந்தினோரி, ஒயின் பண்றதுல கை தேர்ந்த ஜாகோமோ தாக்கிஸ் துணையோட, 1971ல கியாண்டிங்கிற பேரையே விட்டுட்டு தின்யானெல்லோன்னு தனி பேர்ல வித்தாரு, அப்புறம் வெள்ளை திராட்சையை முழுசா தூக்கிட்டாங்க. இன்னிக்கு அது சுமார் 80 சதவீதம் சான்ஜொவேசே, மிச்சம் ரெண்டு காபர்னே. சாஸிகாயாவுக்கு பின்னாடி இருந்ததும் அதே தாக்கிஸ் தான். சூப்பர் டஸ்கன்னு எல்லாரும் சொல்றது இப்படி விதியை மீறி வந்த ஒயின்களை தான், 1992 சட்டத்துல ஐஜிடின்னு விதி தளர்வான ஒரு வகை கொண்டு வந்ததும் இதுக்கெல்லாம் ஒரு இடம் குடுக்கிற மாதிரி ஆச்சு. கியாண்டி கிளாஸ்ஸிகோல வெள்ளை திராட்சையை மொத்தமா தடை பண்ண 2006 ஆயிருச்சு.

ருசிக்கு வருவோம். போல்கெரில முதல்ல தெரியறது துவர்ப்போட கட்டுமானம், கொட்டைப்பாக்கை மென்னா கன்னம் உள் பக்கமா இழுக்கும்ல, இளம் பாட்டில்ல அந்த இழுப்பு நல்லா தெரியும். அதுக்குள்ள பிளாக் கரன்ட் பழம், கறுப்பு செர்ரி, கடல் பக்கத்து மூலிகை வாசம், சிடார் மரம், கொஞ்சம் கிராஃபைட். அமரோனே வாயை நிரப்பும், போல்கெரி வாயை செதுக்கும். ஆல்கஹால் பெரும்பாலும் 13.5லேருந்து 14.5, அமரோனே அளவுக்கு தலைக்கு ஏறாது. கறியோட கொழுப்பு துவர்ப்பை மழுக்கிரும், துவர்ப்பு கொழுப்பை வெட்டும், அதனால தான் ஃபிளாரன்ஸ்ல கரி அடுப்புல சுட்டு எடுக்கிற பிஸ்தெக்காங்கிற மாட்டுக்கறி துண்டோட இந்த வகை ஒயின் வெச்சா ரெண்டுமே நல்லா இருக்கும், காட்டுப்பன்னி குழம்போடயும் அப்படித்தான்.

சாஸிகாயா இருநூறு யூரோவுக்கு மேல, போல்கெரியோட இன்னொரு பெரிய பேரான ஒர்னெல்லாயாவும் அந்த விலை பக்கம் தான், அதை விடுங்க. போல்கெரி ரொஸ்ஸோன்னு (ரொஸ்ஸோன்னா சிவப்பு) போட்ட சாதா பாட்டில் 20லேருந்து 35 யூரோவுக்கு கிடைக்கும், குவாதோ அல் தாஸ்ஸோ வீட்டோட இல் புருச்சாத்தோ காபர்னே, மெர்லோ, சிரா கலந்தது, இளசுலயே குடிக்க நல்லா இருக்கும். சாஸிகாயா பண்ற அதே வீட்டோட குய்தால்பெர்த்தோ காபர்னேவும் மெர்லோவும், கொஞ்சம் விலை கூட, ஆனா அந்த வீட்டோட நிதானம் அதுல தெரியும். நாலஞ்சு வருஷம் ஆன பாட்டிலா பாத்து எடுங்க, துவர்ப்பு அடங்கியிருக்கும்.

நாலாவது சாலிசே சலென்டினோ, இத்தாலி பூட்ஸோட குதிகால்ல, ரெண்டு பக்கமும் கடல் இருக்கிற சலென்டோ சமவெளி. நெக்ரோஅமாரோங்கிற ரகம் தான் பெரும்பங்கு, கூட மால்வாசியா நேராங்கிற கறுப்பு திராட்சை. செம்மண், பந்தல் கம்பி எதுவும் இல்லாம குட்டையா நிக்கிற பழைய செடிகள், வருஷம் பூரா வெயில், சாயங்காலம் கடல் காத்து. ரொம்ப காலம் இந்த ஊரு ஒயினை டேங்கர்ல ஏத்தி வடக்க அனுப்பினாங்க, அங்க வெயில் போதாம மெலிஞ்சு போன ஒயினுக்கு நிறமும் பலமும் குடுக்க இதை கலந்துக்கிட்டாங்க, பேரு அவங்களுக்கு, உழைப்பு இவங்களுக்கு. சொந்தப் பேர்ல பாட்டில்ல வர ஆரம்பிச்ச அப்புறம் தான் ஊரு தெரிஞ்சுது, டிஓசி 1976ல. லேயோனே தே காஸ்த்ரிஸ், கோசிமோ தௌரினோ ரெண்டும் நம்பகமான வீடு. 8லேருந்து 15 யூரோவுக்குள்ள ரிசர்வாவே கிடைக்கும். பழுத்த கறுப்பு ப்ளம், காஞ்ச மூலிகை, அடியில கொஞ்சம் மண்ணு வாசம், கடைசில லேசான கசப்பு. துவர்ப்பு மெத்துன்னு இருக்கும், பழக்கம் இல்லாதவங்களுக்கும் உறுத்தாது. இந்த விலைக்கு இந்த அளவு நேர்மையான ஒயின் இத்தாலில வேற எங்க கிடைக்கும்னு எனக்கு தோணல, இதை மலிவுன்னு ஒதுக்கிறவங்க மேல எனக்கு வருத்தம் தான்.

நடு இத்தாலி உம்ப்ரியா மாநிலத்தோட மொந்தெஃபால்கோ ரொஸ்ஸோவும் ஞாபகம் வெச்சுக்கோங்க, சான்ஜொவேசேவோட கொஞ்சம் சாக்ரன்டினோ கலப்பாங்க, துவர்ப்பு அதிகமான ரகம், கொஞ்சம் சேர்த்தாலே முதுகெலும்பு வந்திரும். எல்லா கடைலயும் கிடைக்காது, கிடைச்சா எடுங்க.

சரி, ஒரே பாட்டில்னா எது? கறி சாப்பாடு தான் மையம், நாலு பேரு மேசைல உக்காந்து சாப்பிட்டுட்டே குடிக்கப் போறீங்கன்னா போல்கெரி ரொஸ்ஸோ. சாப்பாடு முடிஞ்சு ராத்திரி ரொம்ப நேரம் பேசிட்டு இருக்கப் போறீங்க, கையில நல்ல சீஸ் இருக்கு, காசும் இருக்குன்னா அமரோனே. யாருக்கோ அன்பளிப்பா குடுக்கணும்னாலும் அமரோனே, பத்து வருஷம் வெச்சிருந்தாலும் கெடாது, பெர்த்தானி மாதிரி வீடுன்னா இன்னும் ரொம்ப நாள் நிக்கும். சைவ சாப்பாடு, காளான், கத்திரிக்காய், தக்காளி சாஸ்னா ரிபாஸ்ஸோ. பத்து பன்னெண்டு பேரு வர்றாங்க, எல்லாருக்கும் போதணும்னா சாலிசே சலென்டினோ நாலு பாட்டில் எடுத்துருங்க, யோசிக்கவே வேண்டாம். இதுவரை கனமான ரெட் பக்கமே போனதில்ல, இப்போ தான் ருசி பழகணும்னாலும் என் பதில் சாலிசே சலென்டினோ தான், அமரோனே இல்ல. முதல்லயே 16 சதவீதத்துல ஆரம்பிச்சா ஆல்கஹால் சூடு தான் தெரியும், பழம் தெரியாது.

நம்ம ஊரு காரமான மட்டன் குழம்போட அமரோனே வைக்கலாமான்னு கேப்பாங்க. வேண்டாம். மிளகாய் காரத்துக்கு மேல ஆல்கஹால் ஏறினா எரிச்சல் ரெண்டு மடங்கா தெரியும், துவர்ப்பும் கசப்பா மாறிரும், அமரோனேவும் போல்கெரியும் ரெண்டும் அங்க வீண். காரம் கம்மியா, மிளகும் சோம்பும் தூக்கலா இருக்கிற சுக்கா வறுவல்னா சாலிசே சலென்டினோ தாங்கும்.

எதை வாங்கினாலும் சூட்டுல குடிக்காதீங்க. ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றது ஐரோப்பா கல்லு வீட்டு ரூமுக்கு, 16லேருந்து 18 டிகிரி. சென்னைலயோ யாழ்ப்பாணத்துலயோ ரூம்ல 30 டிகிரி இருக்கும், அந்த சூட்டுல அமரோனேவை திறந்தா சாராய வாசம் தவிர ஒண்ணும் வராது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுங்க. கிளாஸ் வயிறு அகலமா இருக்கணும், மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தக்கூடாது. போல்கெரியும் அமரோனேவும் ஒரு மணி நேரம் முன்னாடி டிகாண்டர்ல, அதாவது ஒயினுக்கு காத்து படுற அகலமான கண்ணாடி பாத்திரத்துல, ஊத்தி வைங்க, டிகாண்டர் இல்லைன்னா சுத்தமான கண்ணாடி ஜக் போதும். ரிபாஸ்ஸோவுக்கும் சாலிசேவுக்கும் திறந்து வெச்சாலே போதும்.

நாலு நண்பர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வந்து பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா ஒரே சாயங்காலத்துல எல்லாம் புரிஞ்சிரும். வரிசை மட்டும் மாத்திராதீங்க: முதல்ல ரிபாஸ்ஸோ, அப்புறம் சாலிசே, அப்புறம் போல்கெரி, கடைசில தான் அமரோனே, அதை முன்னாடி குடிச்சா பின்னாடி வர்றது எல்லாம் மெலிசா தெரியும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாய், நடுவுல உப்பில்லாத ரொட்டி, தண்ணி. முழுங்கின அப்புறம் வாயில எது நிக்குதுன்னு மட்டும் பாருங்க, புளிப்பா, துவர்ப்பா, கசப்பா, ஆல்கஹால் சூடான்னு. மிச்சம் இருந்தா கார்க்கை அழுத்தி மூடி ஃபிரிட்ஜ்ல நிறுத்தி வைங்க, அமரோனே மூணு நாலு நாள் தாங்கும், மத்ததை ரெண்டு நாளுக்குள்ள முடிச்சிருங்க.